என் நாற்காலியைத் தூக்குகிறவர்களுக்கும் கட்டுகிறவர்களுக்கும்

விமானத்தின் சரக்கறையில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் நண்பர்களுக்கு, வேனின் பின்கதவைத் திறந்து சாய்தளத்தை இறக்கும் ஓட்டுநர்களுக்கு, அப்புறம் இந்த வேலைகளுக்கு ஆள் போட்டு நேரம் குறித்துக் கொடுக்கும் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

முதுகுத்தண்டில் அடிபட்ட நாளிலிருந்து நான் மின்சார வீல்சேரில்தான் இருக்கிறேன். பயணத்தில் ஏதாவது நடந்தால் இதுவரை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குத்தான் எழுதி வந்தேன். பதிலும் வரும், வருத்தம் தெரிவித்து, மரியாதையாகவே வரும். ஆனால் அந்தப் பதிலை எழுதியவர் யாரும் என் நாற்காலியைத் தொட்டதில்லை. தொடுகிறவர்கள் நீங்கள். அதனால் இந்த முறை உங்களுக்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலோர இருக்கை, இறக்கைக்கு முன்னால். அங்கிருந்து பார்த்தால் சரக்கறைக் கதவும், அதன் முன்னால் நிறுத்தியிருந்த என் நாற்காலியும் நன்றாகத் தெரிந்தன. இரண்டு பேர் வந்தார்கள், இருவருமே சின்ன வயது. தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. ஒருவர் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார், எதையோ தேடினார், கிடைக்கவில்லை. சரி, தூக்கிவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்தார்கள். நான் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினேன், அது யாருக்குக் கேட்கும்? ஆர்ம்ரெஸ்ட் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தது, கட்டிலுக்கோ காருக்கோ பக்கவாட்டில் நகர்ந்து மாற அது கழன்றால்தான் வசதி. வலது பக்கத்தது சட்டென்று கையோடு வந்துவிட்டது, நாற்காலி அந்தப் பக்கமே சாய்ந்து ஜாய்ஸ்டிக் தரையில் மோதியது. அந்தப் பையன் கையில் கழன்ற ஆர்ம்ரெஸ்ட்டோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றான். அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு அலட்சியம் இல்லை, பயந்துபோயிருந்தான். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது மோட்டார் அருகே இருக்கும் சிவப்பு நெம்புகோலை. அது எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு பத்து விநாடி போதும், ஆனால் என்னை இருபது நிமிடத்துக்கு முன்பே இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டுவிட்டார்கள்.

இறங்கிய ஊரில் ஜாய்ஸ்டிக் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது. உதிரிபாகம் வர பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒத்துவராத இரவல் நாற்காலியில், யாராவது தள்ளினால்தான் குளியலறைக்கே போக முடியும் என்ற நிலையில் இருந்தேன். போன வேலை நடக்கவில்லை.

இதில் என்னை அதிகம் வருத்தியது எது என்றால், அந்த இரண்டு பேரிடமும் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நாற்காலியைத் தொடும் முன்னால் அதில் உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். விமானம் என்றால் கதவருகே, நான் நாற்காலியிலிருந்து மாறுவதற்கு முன்னால். வேன் என்றால் முதல் பட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால். உலகத்தில் எத்தனையோ விதமான வீல்சேர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நாற்காலியையும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒருவர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இரண்டு நிமிடத்தில் நான் என்ன சொல்வேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பொருந்துவது எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

முதலில் அந்த நெம்புகோல். மின்சார வீல்சேரில் மோட்டாரும் சக்கரமும் இணைந்திருக்கும்வரை, ஓட்டாத நேரத்தில் பிரேக் தானாகவே பிடித்திருக்கும். அதனால்தான் தள்ளினால் நகராது, அதற்கு மேல் பலம் கொடுத்து இழுத்தால் கியர்தான் கெடும். நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் விடுபடும், ஒரு ஆளே உருட்டலாம். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது: விடுபட்ட நிலையில் நாற்காலிக்கு பிரேக்கே கிடையாது. சரிவில் கையை எடுத்தால் ஓடிவிடும். என்னுடையது மாதிரியான நாற்காலி மட்டுமே 100 கிலோவுக்கு மேல் இருக்கும், நிறைய நாற்காலிகள் 150 கிலோவையும் தாண்டும், சாய்தளத்தில் அது உங்கள் மேல் வந்தால் கால் முறிந்துவிடும். எனவே உருட்டும்போது கீழ்ப்பக்கம் ஒருவர் நிற்க வேண்டும் என்றால், நேர் கீழே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். நிறுத்தியதும் நெம்புகோலைப் பழையபடி திருப்பிவிடுங்கள். திரும்பக் கொண்டுவந்து தரும்போதும் அப்படித்தான். நெம்புகோல் விடுபட்டிருப்பது தெரியாமல் சரிவில் ஏறி உட்கார்ந்து, பின்னால் உருண்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

அடுத்து, எங்கே பிடிப்பது. ஆர்ம்ரெஸ்ட், கால்மிதி, தலைசாய்ப்பு, ஜாய்ஸ்டிக் இவையெல்லாம் கழலும் அல்லது மடங்கும். பிடிக்க வேண்டியது அடிச்சட்டத்தை. என் நாற்காலியில் அந்த நான்கு இடங்களிலும் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறேன். அதையும் மீறி, 100 கிலோவைக் கையால் தூக்க வேண்டிய நிலையே வரக் கூடாது என்பதுதான் என் எண்ணம், உங்கள் முதுகும் முதுகுதான். தூக்கும் மேடை கேளுங்கள், தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, எப்படி நிற்க வேண்டும். நிமிர்ந்து. படுக்கவைக்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது, செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். போயிங் 737 மாதிரியான விமானத்தில் சரக்கறைக் கதவின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. என் நாற்காலியின் முதுகு அதைவிட உயரம். அப்போது என்ன செய்வார்கள், சாய்த்து நுழைப்பார்கள், உள்ளே அப்படியே பக்கவாட்டில் கிடக்கும், அதன் மேல் பெட்டிகள் வந்து விழும். முதுகை மடக்கினால் கதவுக்குள் நிமிர்ந்தபடியே போகும் என்பது எனக்குத் தெரியும், எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதும் தெரியும். கேட்டால் கதவருகே மாறி உட்கார்ந்ததும் நானே மடக்கிக் கொடுப்பேன், நான் உள்ளே போன பிறகு அதை மடக்கத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பேட்டரி விஷயம்தான் கவுண்டரில் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது. பவர் பேங்கிற்கு உள்ள விதியை எடுத்து வீல்சேருக்குப் போடுகிறார்கள். இரண்டும் வேறு. லித்தியம் பேட்டரி கழற்றமுடியாதபடி நாற்காலிக்குள்ளேயே பத்திரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் அது நாற்காலியோடு சரக்கறையில் போகலாம். மடித்துக் கொண்டுபோகும் நாற்காலிகளில் பேட்டரியைக் கழற்றும்படி வடிவமைத்திருப்பார்கள், அப்போது கழற்றிய பேட்டரி பயணியோடு கேபினுக்குள்தான் வரவேண்டும், வரம்பு 300 வாட் ஹவர். இரண்டு பேட்டரி உள்ள நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள். கணக்கு மிக எளிது: வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர் ஹவர் என்றால் 288, உள்ளே போகலாம். 24க்கு 20 என்றால் 480, கழற்றிக் கேபினுக்குள் கொண்டுவர முடியாது. ஜெல் பேட்டரி, உலர் பேட்டரி வைத்த பெரிய நாற்காலிகளில் அதைக் கழற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. மின்சாரம் தற்செயலாகப் பாயாமல் துண்டித்திருக்க வேண்டும், முனைகள் எதிலும் படாமல் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். துண்டிக்க ஒரு பிளக் இருக்கும். தயவுசெய்து கத்தரியை எடுக்காதீர்கள். கம்பியை வெட்டிவிட்ட நாற்காலி இறங்கிய ஊரில் வெறும் இரும்பு.

என் நாற்காலியின் மெத்தையை நான் கையோடு எடுத்துக்கொள்கிறேன், விமான இருக்கையில் போட்டு அதன் மேல்தான் உட்காருவேன். மேல்பகுதிப் பெட்டியில் வையுங்கள் என்று சொல்லாதீர்கள். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை தெரியாமலேயே அசைந்து உட்காருவீர்கள், உடம்பு தானாகச் செய்யும். எனக்கு அந்தச் செய்தி வருவதில்லை. எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் நிற்கும், தோல் சாகும். சில மணி நேரத்தில் வரும் புண் ஆற மாதக்கணக்காகும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கிராசியா ஃபிகரோவா என்று அமெரிக்காவில் ஒரு பெண் இருந்தார், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைத்தவர். 2021 ஜூலையில் ஒரு விமானப் பயணத்தில் அவருடைய நாற்காலி உடைந்துபோனது. அதற்குப் பதிலாகப் பழுதான வேறொரு நாற்காலியில் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிவந்தது, படுக்கைப்புண் வந்தது, அறுவை சிகிச்சை வரை போனது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி அவர் இறந்தார். அந்தப் பயணத்தில் தொடங்கிய சிக்கல்களால்தான் என்று அவரோடு வேலை செய்த அமைப்பு சொன்னது. ஒவ்வொரு முறை சரக்கறைக் கதவு மூடும் சத்தம் கேட்கும்போதும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

வேன் ஓட்டும் நண்பர்களே, இப்போது உங்களிடம். விமானத்தில் போவது நாற்காலி மட்டும்தான், உங்கள் வண்டியில் நாற்காலியும் போகிறது, அதில் நானும் போகிறேன். பயணத்தின்போது இருக்கையாகப் பயன்படும் வீல்சேர்களை ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற தரத்தின்படி மோதல் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 20 ஜி விசையில். புரியும்படி சொன்னால், 100 கிலோ நாற்காலி அந்த நொடியில் 2 டன் கனத்தோடு முன்னால் பாயும். நாற்காலியின் சொந்த பிரேக் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "பக்கத்துலதானே, பிரேக் போட்டுக்குங்க, மெதுவா போயிடலாம்" என்று பலர் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம், நான்கு பட்டையும் வேண்டும்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சோதிக்கப்பட்ட நாற்காலியில் கொக்கி மாட்ட வேண்டிய நான்கு இடங்களிலும் கொக்கிப் படம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லையென்றால் சட்டத்தின் வெல்டிங் செய்த மூலைகளைத் தேடுங்கள், அதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். சக்கரத்தில் மாட்டாதீர்கள், கால்மிதியில் மாட்டாதீர்கள். முகம் வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தபடி நிறுத்துவதை இடம் மிச்சம் என்று நினைக்கிறார்கள், மோதலில் நாற்காலி பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. நாற்காலியைக் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது, என்னையும் கட்ட வேண்டும், இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்து, வண்டியின் தரையோடும் சுவரோடும் இணைந்த பெல்ட்டில். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெல்ட் இருக்கிறதே என்பீர்கள். அது நான் சரியாமல் உட்காருவதற்கு, மோதலைத் தாங்காது. வண்டியின் பெல்ட்டை ஆர்ம்ரெஸ்ட்டுக்கு மேலாகப் போட்டால் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும், ஆர்ம்ரெஸ்ட்டுக்கு உள்பக்கமாக நுழைத்து இடுப்பெலும்பை ஒட்டிப் போடுங்கள், வயிற்றின் மேல் ஏறக் கூடாது. மடியில் தட்டு இருந்தால் கழற்றித் தனியாகக் கட்டுங்கள்.

ஒருமுறை ஒரு வயதான ஓட்டுநர், நான்கு பட்டையையும் போட்டு முடித்தபின், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். விரலளவுகூட அசையவில்லை. தலையாட்டிவிட்டுப் போய் வண்டியை எடுத்தார். அந்தப் பயணம் முழுக்க நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வழக்கமாக நான் தரையில் இருக்கும் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டு வருவேன்.

எங்கள் உடம்பையே தூக்கி மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறுகிய நாற்காலியில் வைத்து விமானத்துக்குள் கொண்டுபோகும்போது யார் எங்கே பிடிப்பது, எந்த எண்ணில் தூக்குவது என்பதை என்னோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள், என் தலைக்கு மேலே உங்களுக்குள் பேசிக்கொள்ளாதீர்கள். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள் மூட்டு போய்விடும், எனக்கு மிச்சமிருக்கும் பலம் அந்தத் தோளில்தான் இருக்கிறது. ஊன்றுகோல், வாக்கர் வைத்திருப்பவர்களிடம் விமானம் கிளம்பும்போது வாங்கி வைப்பீர்கள், சரி, பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்ததும் அவர்கள் கேட்காமலே கொண்டுவந்து கொடுங்கள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகக் கேட்க வேண்டிய நிலையை ஏன் உண்டாக்க வேண்டும்?

மேலாளர்களுக்கு. இரண்டு நிமிடம் பேசு என்று நான் அவர்களிடம் கேட்கிறேன், அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். விமானம் தரையில் நிற்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் வெட்டி, கீழே ஏற்றுபவர் மேலே வரவே கூடாது என்று வைத்திருந்தால் அவர் யாரைக் கேட்பார்? முன்பதிவில் எனக்கு ஒரு குறியீடு போடுகிறீர்கள், டபிள்யூ.சி.எச்.ஆர்., டபிள்யூ.சி.எச்.எஸ்., டபிள்யூ.சி.எச்.சி. என்று, நான் எவ்வளவு தூரம் நடப்பேன், படி ஏறுவேனா என்பதை அது சொல்கிறது. பேட்டரி எந்த வகை என்பதற்கும் குறியீடு உண்டு. நெம்புகோல் எங்கே, பிடிக்கும் இடம் எது, முதுகு மடங்குமா என்பதை எந்தக் குறியீடும் சொல்வதில்லை. நான் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே அளவு, எடை, படம் எல்லாம் அனுப்புகிறேன். அது கணினிக்குள்ளேயே இருந்துவிடுகிறது, கதவருகே நிற்கும் ஆளின் கைக்கு வருவதில்லை. அதை அச்சடித்துக் கொடுங்கள், இல்லை கைபேசிக்காவது அனுப்புங்கள்.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடப்பதும் அல்ல. அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து பெரிய விமான நிறுவனங்கள் எத்தனை வீல்சேர்களை ஏற்றினோம், எத்தனை சேதமாயின, எத்தனை தாமதமாயின, தொலைந்தன என்று மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும். 2023இல் மட்டும் இப்படிச் சேதமானவை, தாமதமானவை, தொலைந்தவை 11,000க்கு மேல். கணக்கெடுத்ததால்தான் தெரிகிறது, கணக்கே எடுக்காத இடங்களில் எவ்வளவு என்று யார் சொல்வது? உங்கள் நிறுவனத்தின் கணக்கை நீங்களே எடுத்து வெளியிடுங்கள், சட்டம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இழப்பீடு பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வதேசப் பயணத்தில் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் நாற்காலியைப் பெட்டியோடு சேர்த்து எண்ணுகிறது. 2024 டிசம்பர் 28இலிருந்து ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது). ஒரு நல்ல மின்சார வீல்சேரின் விலை அதைப்போலப் பல மடங்கு. பயணத்துக்கு முன்னால் மதிப்பைத் தனியாக எழுதிக்கொடுத்தால் வரம்பை உயர்த்த அதே ஒப்பந்தத்தில் வழி உண்டு, அதற்கான படிவத்தைக் கேட்டால் கவுண்டரில் இருப்பவருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வரம்பைக் காட்டி நிற்காமல் முழு விலையையும் ஈடுசெய்வோம் என்று நீங்களாகவே அறிவிக்கலாம், ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை. சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதியையும் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். இதைப் படிக்கும் சக பயணிகளுக்கும்: விமானத்தை விட்டு வந்ததும், அங்கேயே, நாற்காலியைச் சுற்றிப் படம் எடுங்கள், ஓட்டிப் பாருங்கள், புகாரைப் பதியாமல் வெளியே வராதீர்கள்.

பயிற்சி பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 9ஆம் பிரிவிலேயே அதைச் சொல்லிவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஒழுங்குவிதியும் சொல்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், திரையில் படம் காட்டி முடித்துவிடாதீர்கள். உண்மையான மின்சார வீல்சேர் ஒன்றை வாங்கிப் போட்டு, ஒவ்வொருவரையும் அந்த நெம்புகோலைத் திருப்பவைத்து, உருட்டவைத்து, பட்டை போடவைத்துப் பழக்குங்கள். சொல்லிக்கொடுக்க எங்களைக் கூப்பிடுங்கள், வருவோம்.

என் பங்குக்கு நான் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் நாற்காலியின் படத்தைப் போட்டு, பிடிக்கும் இடம், நெம்புகோல், பேட்டரி பிளக், எடை எல்லாம் அம்புக்குறியோடு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதுகுப்பக்கம் கட்டிவைத்திருக்கிறேன். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன். கழலக்கூடிய எதையும் நாற்காலியில் விட்டுவைப்பதில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் பறக்கிறேன், போய் இறங்கியதும் வேனிலும் ஏறுவேன். கதவருகே நான் சீக்கிரமே வந்து காத்திருப்பேன். உங்களில் ஒருவர் மேலே ஏறி வாருங்கள், நெம்புகோலைக் காட்டுகிறேன், முதுகை மடக்கிக் கொடுக்கிறேன். ஏற்றி முடித்ததும் கேபின் பணியாளரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், "ஏத்தியாச்சு, நிமிர்ந்துதான் நிக்குது" என்று. அதற்குப் பிறகுதான் நான் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவேன்.

அன்புடன்,
உங்கள் கையை நம்பிப் பயணம் செய்கிறவன்